நீங்க ஆடின மரியோ மெதுவாத்தான் ஓடுச்சு! புதுச்சேரி வீடுகளில் மோதிக்கொண்ட 3 டிவி தரங்கள்

புதுச்சேரி காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் பிரெஞ்சு மொழியில் ஒரு ஸ்டிக்கர். பின்னால் நம்ம ஊர் டிவியில் எங்குமே செருக முடியாத அகலமான ஒரு பிளக். விலை கம்மிதான். வாங்கலாமா, வேண்டாமா?

ஒருகாலத்தில் புதுச்சேரியில் பல வீடுகள் இதே கேள்வியோடு முட்டிக்கொண்டன. பாரிஸிலிருந்து லீவுக்கு வரும் சித்தப்பாவோ மாமாவோ ஆசையாக ஒரு கேம் கொண்டு வருவார். டிவியில் மாட்டினால் படம் வராது, அல்லது கலர் வராது. 'ரிப்பேர் போல' என்று பரணில் ஏறிவிடும். உண்மையில் பெட்டியும் கெடவில்லை, டிவியும் கெடவில்லை. இரண்டும் வெவ்வேறு 'மொழி' பேசின, அவ்வளவுதான் மேட்டர்.

அந்த மொழிகளின் பெயர்கள் என்டிஎஸ்சி, பால், செகாம். (இந்தப் பால் கறக்கிற பால் இல்லை, மூன்று ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்.) ட்யூப் டிவி காலத்தோடு இவை முடிந்துபோயின என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இன்று ஆன்லைனில் காசு கொடுத்து வாங்கும் பழைய கேம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைக்கூட இந்தப் பிரிவினை தீர்மானித்திருக்கிறது. எப்படி?

3 தரங்கள் எப்படி வந்தன?

டிவி கண்டுபிடிக்கப்பட்ட காலத்தில், திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் மின்சாரத்தை வைத்தே முடிவு செய்தார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படத்தில் அலை அலையாகக் கோடுகள் நகரும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே டிவியும் நொடிக்கு சுமார் 60 முறை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இங்கே டிவியும் 50 முறை.

இதன் மேல் கலர் வந்து சேர்ந்தது. அமெரிக்கா 1953ல் என்டிஎஸ்சி முறையை ஏற்றது. ஜப்பானும் பின்னால் அதையே பின்பற்றியது. மேற்கு ஜெர்மனியில் டெலிஃபங்கன் நிறுவனத்தின் வால்டர் புரூக் உருவாக்கியது பால். பிரான்ஸில் ஹென்றி டி ஃபிரான்ஸ் என்ற பொறியாளர் உருவாக்கியது செகாம். பாலும் செகாமும் 1967ல் ஒளிபரப்புக்கு வந்தன. செகாமில் அரசியலும் இருந்தது. பிரான்ஸ் தன் தொழில்நுட்பத்தை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோக விரும்பியது. சோவியத் யூனியனும் அதை ஏற்றுக்கொண்டது.

இந்தியா 1982ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டில் கலருக்கு மாறியபோது பாலைத் தேர்ந்தெடுத்தது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாமே பால்தான். அதனால் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த டிவியும் விசிஆரும் தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஓடின.

புதுச்சேரி மட்டும் ஏன் ஸ்பெஷல்?

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல் நடந்தது. இந்தியாவில் டிவி ஒளிபரப்பு டெல்லியில் தொடங்கியதே 1959 செப்டம்பரில்தான். சென்னைத் தூரதர்ஷன் வந்தது 1975ல். பிரான்ஸ் இங்கிருந்து கிளம்பும்போது டிவி என்ற ஒன்றே இங்கே இல்லை. அதனால் பிரெஞ்சு டிவி தரம் புதுச்சேரிக்கு வரவே இல்லை.

வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ரீயூனியன் தீவைப் பார்க்கலாம். தமிழ் வம்சாவளியினர் கணிசமாக வாழும் அந்தத் தீவு இன்றும் பிரான்ஸின் பகுதி. அங்கே அனலாக் ஒளிபரப்பு செகாமில்தான் நடந்தது.

பிரெஞ்சு டிவி வராவிட்டாலும் பிரெஞ்சு உறவு போகவில்லை. இணைப்பு ஒப்பந்தப்படி பிரெஞ்சு குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள், பிரான்ஸில் குடியேறிய பிள்ளைகள் என்று போக்குவரத்து தொடர்ந்தது. அவர்களுடைய பெட்டிகளில் எலெக்ட்ரானிக் சாமான்களும் வந்தன. அவை செகாம் நாட்டுச் சாமான்கள். வீட்டில் இருந்ததோ டயனோராவும் ஒனிடாவும் வீடியோகானும், எல்லாம் பால். போதாததற்கு, மாட்டவேண்டிய கேம்களில் பெரும்பாலானவை ஜப்பானில் என்டிஎஸ்சிக்காக எழுதப்பட்டவை. மூன்று தரமும் ஒரே ஹாலில் சந்தித்தன.

பிரான்ஸ் பெட்டி ஏன் இங்கே ஓடவில்லை?

பிரான்ஸும் இந்தியாவும் இரண்டுமே 50 ஹெர்ட்ஸ், இரண்டுமே 625 கோடுகள். ஆகவே படம் உருளாது. ஆனால் கலரைச் சிக்னலில் ஏற்றும் முறை வேறு. அதனால் செகாம் படத்தைப் பால் டிவி கருப்பு வெள்ளையாகக் காட்டும். ஆன்டெனா வழியாக இணைத்தால் இன்னும் மோசம். பிரான்ஸில் ஒளி சிக்னல் நம்முடையதற்குத் தலைகீழாக அனுப்பப்பட்டது. ஒலி நம் ஊரில் எஃப்எம் முறை, அங்கே ஏஎம் முறை. அப்புறம் படமும் சரியாக வராது, சத்தமும் வராது.

கேம் கம்பெனிகளுக்கும் செகாம் பெரிய தலைவலி. அடாரி 2600ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பதிப்பு 128 நிறங்களைக் காட்டும். பால் பதிப்பில் 104. செகாம் பதிப்பில் வெறும் 8! ஒரே கேம், ஆனால் பிரெஞ்சு பிள்ளைகளுக்குக் கிடைத்தது 8 நிறம்.

இதற்குப் பிரான்ஸிலேயே ஒரு சுற்றுவழி இருந்தது. 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே விற்ற டிவிகளில் 21 முனை கொண்ட பெரிட்டெல் என்ற இணைப்பு கட்டாயமானது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இதன் பெயர் ஸ்கார்ட். இதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போகும். கலரை ஒன்றாகக் கலந்து பிறகு பிரிக்கும் வேலையே கிடையாது. பால், செகாம் என்ற கேள்வியும் எழாது. காந்தி வீதியில் பார்த்த அந்த அகலமான பிளக் இதுதான்.

அதனால் பிரான்ஸில் விற்ற பல கேம் பெட்டிகள் உள்ளுக்குள் செகாமே கிடையாது. நின்டெண்டோவின் பிரெஞ்சு என்இஎஸ் பெட்டியில் பால் சிக்னலை மூன்று நிறக் கம்பிகளுக்கு மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்டை வைத்தார்கள். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் பிரான்ஸில் விற்றபோதும் உள்ளே இருந்தது பால் பெட்டிதான். பெரிட்டெல் கேபிளைக் கழற்றிவிட்டு சாதாரண மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி கேபிள் போட்டால் இந்திய டிவியில் கலரில் ஓடும்.

அதாவது, 'ரிப்பேர்' என்று பரணில் ஏற்றப்பட்ட சில பெட்டிகளுக்குத் தேவைப்பட்டது ஒரு கேபிள் மட்டுமே.

கலர் சரி, வேகம் எங்கே போச்சு?

கலர் வராவிட்டால் உடனே தெரிந்துவிடும். வேகம் குறைந்தால் தெரியாது. ஒப்பிட வேறு எதுவும் இல்லாதபோது, பார்ப்பதுதான் சரியான வேகம் என்று நினைத்துக்கொள்வோம்.

பழைய கேம் பெட்டிகளுக்குத் தனியாகக் கடிகாரம் இல்லை. டிவி ஒருமுறை திரையை வரைந்து முடித்ததும், 'அடுத்த படம்' என்று கேம் ஒரு அடி முன்னால் போகும். மரியோ எத்தனை புள்ளி நகர வேண்டும், பாட்டில் அடுத்த ஸ்வரம் எப்போது என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான். ஜப்பானில் நொடிக்கு 60 அடி. அதே கேமை மாற்றாமல் 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் போட்டால் நொடிக்கு 50 அடிதான். கேம் சுமார் 17 சதவீதம் மெதுவாகிவிடும். 60 நொடியில் முடியும் பாட்டு 72 நொடி இழுக்கும்.

1985ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் மேலே வலது மூலையில் 400லிருந்து இறங்கும் எண் நினைவிருக்கிறதா? அது நொடி இல்லை. 24 படத்துக்கு ஒருமுறை அந்த எண் ஒன்று குறையும். ஜப்பானில் 400 முடிய 160 நொடி. அதே கேட்ரிட்ஜ் 50 ஹெர்ட்ஸில் ஓடினால் 192 நொடி. கடிகாரமும் மெதுவாகிவிடுவதால் ஆடுபவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஐரோப்பாவில் விற்ற மரியோவுக்காக நின்டெண்டோ இந்த வேகத்தைக் கொஞ்சம் சரிசெய்தது. ஆனால் எல்லாக் கம்பெனியும் அந்த உழைப்பைப் போடவில்லை. சேகாவின் சோனிக் ஹெட்ஜ்ஹாக், வேகத்தையே விளம்பரமாக்கி 1991ல் வந்த கேம். ஐரோப்பாவில் அதுவும் மெதுவாகத்தான் ஓடியது, இசையும் இழுத்தது. கூடவே இன்னொரு தொல்லை. பால் திரையில் கோடுகள் அதிகம்; கேமின் படம் அத்தனை கோடுகளையும் நிரப்பாது. மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை, நடுவே சற்றே அமுக்கப்பட்ட படம். சோனிக் குள்ளமாகிவிட்டார்.

நம்ம ஊர் '9999 இன் 1' கதை என்ன?

இந்தியாவில் நின்டெண்டோவின் பெட்டி சாமுராய் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குப் போனது குளோன்கள்தான். டிவிக்குக் கீழே வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, '9999 இன் 1' என்று எழுதிய கேட்ரிட்ஜ். அவற்றை யாரும் கிளோன் என்று சொல்லவில்லை. 'டிவி கேம்' என்றார்கள், அல்லது வெறும் 'வீடியோ கேம்'.

இங்கே ஒரு சுவாரசியமான தொழில்நுட்பம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான குளோன்களுக்குத் தைவானில் தனி சிப்கள் தயாராயின. அசல் ஐரோப்பிய நின்டெண்டோவின் சிப் ஜப்பானியதைவிடச் சுமார் 7 சதவீதம் மெதுவானது. குளோன் சிப்போ ஜப்பானிய வேகத்துக்கு ஒரு சதவீதத்துக்குள் நெருங்கியது. இதனால் என்ன பயன்? அந்த வகைக் குளோனில் ஜப்பானிய கேம் குழம்பாமல் ஓடும்; இசையின் சுருதியும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். ஆனால் தாளம் மட்டும் 50க்குத்தான். சுருதி ஜப்பான், தாளம் இந்தியா!

1990களின் இறுதியில் பிளேஸ்டேஷன் வந்தபோது சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. பெட்டி பால், சிடி என்டிஎஸ்சி என்றால், கேம் 60 ஹெர்ட்ஸ் வேகத்திலேயே ஓடும்; ஆனால் ஏவி கேபிளில் பல டிவிகள் அதைக் கருப்பு வெள்ளையாகக் காட்டின. சில பழைய டிவிகளில் படம் உருண்டுகொண்டே இருக்கும். பிரெஞ்சு பெரிட்டெல் கேபிளும் அதற்கேற்ற டிவியும் இருந்தவர்களுக்கு அதே சிடி கலரில் தெரிந்தது. காரணம் மேலே சொன்னதுதான்: தனித்தனிக் கம்பி, கலப்படம் இல்லை.

டிவி மாறியது, மண்டலம் மாறியதா?

1999ல் சேகாவின் டிரீம்காஸ்ட் ஐரோப்பாவில் வந்தபோது, பல கேம்கள் தொடக்கத்திலேயே '50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா?' என்று கேட்டன. பிறகு எச்டி டிவிகள் இரண்டையும் ஏற்றன. அமெரிக்கா 2009லும், பிரான்ஸ் 2011லும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. இந்தியாவில் தூரதர்ஷனின் அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள், பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள சில இடங்கள் தவிர, 2022 வாக்கில் மூடப்பட்டன.

டிவியில் தரப் பிரிவினை முடிந்தது. ஆனால் கம்பெனிகளின் விற்பனை வரைபடத்தில் அது முடியவில்லை. உலகை அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா என்று பிரித்த வழக்கம் அப்படியே நின்றது. சோனியின் பிரிவினையில் இந்தியா நீண்டகாலம் ஐரோப்பியக் கிளையின் கீழ்தான் இருந்தது.

இதன் விளைவை 2018ல் பார்க்க முடிந்தது. சோனி 20 பழைய கேம்களை உள்ளடக்கிய பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிப் பெட்டியை வெளியிட்டது. அதில் 9 கேம்கள் 50 ஹெர்ட்ஸ் ஐரோப்பியப் பதிப்புகள். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் கேம் கடைகளிலும் ஒரு தலைமுறையே அடித்து ஆடிய டெக்கன் 3 அந்த ஒன்பதில் ஒன்று! சண்டை கேமில் ஒரு அடி எப்போது விழுகிறது, எப்போது தடுக்க வேண்டும் என்பதெல்லாம் நொடியின் சிறு பங்குக் கணக்கு. அங்கே 50 என்பது வேறு விளையாட்டு. கடும் விமர்சனம் எழுந்தது.

2022 மே மாதம் அதே கதை திரும்பியது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் புதிய வடிவம் ஆசியாவின் சில சந்தைகளில் முதலில் வந்தது. அதில் சோனியின் பழைய கேம்கள் பல 50 ஹெர்ட்ஸ் பதிப்புகளாக இருந்தன. அந்தச் சந்தைகளில் சிலவற்றில் பால் தரம் இருந்ததே இல்லை. தைவான் ஒரு என்டிஎஸ்சி நாடு. எதிர்ப்பு வந்தபிறகு, ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பெரும்பாலான கிளாசிக் கேம்களுக்கு என்டிஎஸ்சி தேர்வும் தரப்படும் என்று சோனி அறிவித்தது.

அப்போ 50 ஹெர்ட்ஸ் பதிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். குறிப்பாகப் புதுச்சேரிக்காரர்கள்.

ஐரோப்பியப் பதிப்புகளில் வேகம் குறைவு. ஆனால் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகள் இருந்தது பெரும்பாலும் அந்தப் பதிப்புகளில்தான். அமெரிக்கப் பதிப்பில் பல கேம்களில் ஆங்கிலம் மட்டுமே. 60 ஹெர்ட்ஸுக்குத் தாவினால் வேகம் கிடைக்கும், பிரெஞ்சு போய்விடும். பிரெஞ்சு மொழியில் அந்தக் கேம்களை ஆடி வளர்ந்தவர்களுக்கு அது சின்ன இழப்பு இல்லை.

இதை ஓரளவு சரியாகக் கையாண்டது நின்டெண்டோ. 2021ல் நின்டெண்டோ 64 கேம்களைச் சந்தாவில் கொண்டுவந்தபோது, ஐரோப்பாவில் எல்லாக் கேம்களும் 60 ஹெர்ட்ஸ் ஆங்கிலப் பதிப்பில் கிடைக்கும். சிலவற்றுக்கு மொழித் தேர்வுகளோடு அசல் பால் பதிப்பும் உண்டு என்று அறிவித்தது. எது வேண்டும் என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம்.

பிரச்னையின் மையமே இந்தத் தேர்வுதான். ஒரு பழைய படத்தைக் கம்பெனி மறுவெளியீடு செய்யும்போது 17 சதவீதம் மெதுவாக ஓட்டினால் தியேட்டரில் சத்தம் போடுவோம். கேம் விஷயத்தில் அந்த மாற்றம் பெட்டியில் எழுதப்படாமலே நடந்திருக்கிறது. எந்தப் பதிப்பு என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்வது விற்பவரின் கடமை. அதைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

மின்சாரத்தை முதலில் பாருங்கள். பிரான்ஸிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் முனை மட்டும் வேறு, ஒரு அடாப்டர் போதும். ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட். அவற்றின் பழைய அடாப்டரை நேராக நம்ம பிளக்கில் செருகினால் எரிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

அகலமான 21 முனை பிளக் இருந்தால் பெட்டி கெட்டுப்போனது என்று முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெட்டிக்கு ஏவி கேபிள் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்கார்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கருவி உதவும். வாங்கும்போது அது தனித்தனி நிறக் கம்பி சிக்னலை ஏற்குமா என்று கேளுங்கள், எல்லாம் ஏற்காது.

பழைய அடாரி போன்ற அசல் செகாம் பெட்டி என்றால் மலிவான மாற்றிகளை நம்ப வேண்டாம். பல மாற்றிகளுக்குப் பாலும் என்டிஎஸ்சியும் மட்டுமே தெரியும்.

டவுன்லோடு செய்யும் கேம் என்றால் மெனுவில் என்டிஎஸ்சி அல்லது 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். மொழி முக்கியமென்றால், மாற்றுவதற்கு முன் எந்தப் பதிப்பில் எந்த மொழி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு போடும் ஆசை இருந்தால் எந்தப் பதிப்பு என்று குறித்துவையுங்கள். ஒரு கேமை எவ்வளவு வேகமாக முடிப்பது என்ற போட்டிகளில் 50, 60 ஹெர்ட்ஸ் பதிப்புகளைப் பெரும்பாலும் பிரித்தே பார்ப்பார்கள்.

கடைசியாக, காந்தி வீதிக் கேள்விக்கு வருவோம். அந்தப் பிரெஞ்சுப் பெட்டியை வாங்கலாமா? ஸ்டிக்கரைப் படித்து, பிளக்கைப் பார்த்து, கேபிள் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, தாராளமாக வாங்கலாம். வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதை முதலில் இறக்குங்கள். அது ரிப்பேர் ஆகாமலே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.